முதல் தரம் வேண்டாம்

எங்கள் கந்தோர் அக்காவுக்குத் தேநீர் கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒருதரம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார். கேட்டவர் மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து கேட்டால், "ஓம், தாவன்" என்று கையை நீட்டுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இது தெரியாமல், அவர் வேண்டாம் என்றதை அப்படியே நம்பி, கையிலிருந்த தேநீரை யன்னலுக்கு வெளியே நின்ற வாழைக்கு ஊற்றினேன். பின்னால் குரல் கேட்டது.

"நல்ல காரியம் பிள்ளை. வாழை எத்தினை தரம் கேட்டது?"

அன்று மாலை பஸ்ஸில், நான் செய்தது பிழையா, அவர் சொன்னது பகிடியா என்று யோசித்துக்கொண்டே போனதில் புத்தூரில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டிருக்கலாம். முதல் தரம் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது நிச்சயம். இரண்டாந் தரம் கேட்க எனக்கு வராது. அதனால் கேட்காமலே எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். இது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

எங்களுடையது அச்சுவேலியில் ஒரு சிறிய ஆலை. மிளகாய்த்தூள், பனங்கிழங்கிலிருந்து வரும் ஒடியல் மா, புழுக்கொடியல் ஆகியவற்றைப் பொதி செய்து வெளிநாட்டிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்புவோம். எனக்குக் கடிதத் தொடர்பு வேலை. அக்காவுக்கு அந்தக் கடிதங்கள் போய்வரும் இயந்திரத்தைப் பார்க்கிற வேலை. மற்ற ஆலைக்காரர்கள் எல்லாரும் எங்கோ வெளிநாட்டு நிறுவனத்தின் இலவச மெயிலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு அது ஒத்துவரவில்லை.

"எங்கடை கடிதம் எங்கடை வளவுக்கை கிடக்க வேணும்" என்பார். "ஆற்றையோ வீட்டு அலுமாரியிலை கிடக்கிறது எனக்குச் சரிவராது."

ஆகவே எங்களுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சேர்வர். குளிரூட்டி இருந்த ஒரே அறை மிளகாய் அரைக்கும் பகுதிக்குப் பக்கத்து அறை என்பதால் அதை அங்கே வைத்தார்கள். அதன் காற்றாடி குளிர்ந்த காற்றோடு மிளகாய்த்தூளையும் சேர்த்து உள்ளே இழுத்தது. மூடியைக் கழற்றினால் மூன்று தும்மல் உறுதி. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். கீபோர்டில் கை ஓடும்போது மேசைக்குக் கீழே காலும் இல்லாத பெடலைத் தேடி அழுத்திக்கொண்டிருக்கும். வாயில் ஒரு ஞானப்பாட்டு முனகலாக ஓடும். அது மூன்றாவது அடியில் அறுந்து தும்மல் கேட்டால், இயந்திரத்தைத் திறந்துவிட்டார் என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

ஆலையில் ஒருவரும் அவரிடம் போய் "மெயில் வரேல்லை" என்று சொல்ல முடியாது. சொன்னால் உடனே பதில் வரும்.

"வரேல்லை எண்டு என்னட்டைச் சொல்லாதை. எங்கை நிண்டது எண்டு கேள்."

எந்தக் கடிதம் எத்தனை மணிக்கு வாசலில் வந்து தட்டியது, அதற்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்பதையெல்லாம் இயந்திரம் தன்பாட்டில் ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும். அதை அவர் லொக் என்பார். மனிதர்கள் சொல்வதை அவர் நம்பியதில்லை. லொக் சொன்னால்தான் நம்புவார். முதலாளி ஒருமுறை, தான் அனுப்பிய கடிதத்தை வெளிநாட்டுக் கடைக்காரர் திட்டமிட்டு மறைத்துவிட்டார் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா லொக்கைப் பார்த்தார். பிறகு முதலாளியின் கடிதத்தைப் பார்த்தார்.

"உது அங்கை ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கு முதலாளி. குப்பைப் பெட்டியிலை கிடக்கும்."

"என்ரை கடிதம் என்னண்டு தங்கச்சி குப்பையாகும்?"

"தலைப்பிலை பெரிய எழுத்திலை மூண்டுதரம் அவசரம் எண்டு போட்டிருக்கிறீங்கள். கீழை ஆறு பிள்ளையார் படம், ஒரு பூ விரிஞ்சு விரிஞ்சு சுருங்குது. மெஷினுக்கு என்ன தெரியும்? எனக்கு வந்திருந்தால் நானே கூட்டி அள்ளியிருப்பன்."

முதலாளி பிள்ளையாரை ஒன்றாகக் குறைத்தார். பூவை விட மறுத்துவிட்டார்.

அதே முதலாளிதான் வாணி விழாவுக்கு ஆலையிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பவர். சேர்வருக்கும் வைத்தார், ஆனால் மின் விசையின் மேல் சரியாக. சந்தனம் காய்ந்து விசை இறுகிவிட்டது. அக்கா பற்குச்சியால் சுரண்டிக்கொண்டே, "நான் மெதடிஸ்ற், எனக்கு உது விளங்காது எண்டு நினைக்காதேங்கோ" என்றார். "பொட்டு நெத்தியிலை வைக்கலாம். கண்ணுக்கை வைக்கிறேல்லை." அடுத்த வருடம் அவரே பென்சிலால் ஒரு வட்டம் கீறி, பொட்டு வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிவைத்தார்.

இப்போது அந்த முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

புதிதாக எழுதுகிறவர்களின் கடிதங்கள் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தன. முதலாளி காரணம் கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொன்னார்: முன்பின் தெரியாத ஒருவர் முதல் தரம் வந்து தட்டினால் சேர்வர் கதவைத் திறக்காது. இப்போது முடியாது, பிறகு வா என்று சொல்லும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் உள்ளே விடும். ஒழுங்கான சேர்வர்கள் எல்லாம் திரும்பி வரும். குப்பைக் கடிதம் விற்பவர்களுக்கு ஊரெல்லாம் தட்டுகிற அவசரம், அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "வாற ஆளை வாசலிலை நிப்பாட்டிப் 'பிறகு வா' எண்டுறதோ? எங்கடை பரம்பரையிலை இல்லாத வேலை!"

"முதலாளி, நீங்கள் ஒரு வீட்டை போறீங்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேக்கினம். என்ன சொல்லுவீங்கள்?"

"வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்."

"விடாய் இல்லையோ?"

"விடாய் இருக்கும். எண்டாலும் கேட்ட உடனை ஓம் எண்டுறதே? அவையள் உண்மையாக் கேக்கினமோ, சும்மா வாய்க்குக் கேக்கினமோ எண்டு பாக்க வேணுமெல்லோ."

"பாத்தீங்களே. உங்கடை மெஷினும் நல்ல குடும்பத்துப் பிள்ளை. முதல் தரம் வேண்டாம் எண்டுது."

முதலாளி யோசித்தார். அன்றிலிருந்து ஆலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எங்கள் சேர்வருக்குப் பழக்கவழக்கம் தெரியும் என்று சொல்லத் தொடங்கினார்.

எனக்குப் பிறகுதான் விளங்கியது, அக்கா இயந்திரத்துக்கு அதைப் பழக்கவில்லை, தன்னைத்தான் இயந்திரத்துக்குள் எழுதிவைத்திருந்தார். எவர் எதைக் கேட்டாலும் முதல் தரம் "பிறகு பாப்பம்" என்பார். பொதி செய்யும் பெண்கள் பாட்டுக் கேட்க ஒலிபெருக்கி கேட்டபோதும் அதுதான், போதகர் நத்தார் பாடற்குழுவுக்கு ஆள் கேட்டபோதும் அதுதான். நாற்பதை நெருங்கிய அவருக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களுக்கும் அதே பதில்தான். ஏன் அக்கா என்று ஒருநாள் பெண்கள் கேட்டார்கள். "உண்மையான ஆள் எண்டால் திரும்பி வருவார்" என்றார். "இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒருக்காத் தட்டின கேசுகள்."

ஒருவர் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஜெனரேற்றர் திருத்துபவர். எங்கள் ஜெனரேற்றர் அந்த வருடம் அடிக்கடி பழுதானது. அதில் பாதி உண்மையான பழுது இல்லை என்று பொதி செய்யும் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இது விளங்காது.

நான் ஒரு கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவேன். அனுப்பியபின் நாலாந் தரம் வாசிக்கும்போது ஒரு பிழை தெரியும். உடனே, "மேற்படி கடிதத்தில் நேர்ந்த பிழைக்கு மன்னிக்கவும்" என்று இன்னொன்று அனுப்புவேன். அக்கா இதை லொக்கில் கண்டுபிடித்துவிட்டார். "உன்ரை கடிதமெல்லாம் சோடியாத்தான் போகுது" என்றார். அதிலிருந்து எனக்கு மன்னிப்புக்காரி என்று பெயர்.

ஆனால் எதையாவது கேட்பதென்றால் ஒருதரம்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அம்மாவிடம் ஒரு பொருளை இரண்டாந் தரம் கேட்டால் "ஆக்கினைப்படுத்தாதை" என்பார். தொந்தரவு என்ற பொருளில் அவர் சொல்லும் அந்த ஆக்கினை இன்னும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாராவது பிறகு பார்ப்போம் என்றால் நான் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு, கேட்டதற்காகவும் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அந்த வருடம் என் மகளுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. "தண்ணி" என்று ஒரு சொல் மட்டும் இருந்தது, அதுவும் பாதிதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இன்னும் பலமாகக் கூப்பிட்டால் திரும்புவாள். கணவர் வவுனியாவில் வேலை, வார இறுதியில்தான் வருவார். மாமியிடம் தொலைபேசியில் சொன்னால், "இவனும் மூண்டு வயசிலைதான் வாய் திறந்தவன். பிறகு மூடினவனே?" என்று சிரிப்பார். நான் கரண்டியை அவளுக்குப் பின்னால் விழுத்திப் பார்த்தேன். தட்டை விழுத்திப் பார்த்தேன். திரும்பினால், சத்தம் கேட்டுத் திரும்பினாளா, நிலம் அதிர்ந்து திரும்பினாளா என்று யோசித்து இன்னொரு தட்டை விழுத்துவேன். அந்த மாதம் எங்கள் வீட்டுச் சட்டி பெட்டியில் நெளியாதது ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் காட்டிய டொக்டர், கொழும்பில் ஒரு நிலையத்தில் செவிப் பரிசோதனை செய்யக் கடிதம் தந்தார். அதற்கான திகதியை மெயிலில் அறிவிப்பார்கள், நாங்கள் உறுதிசெய்து பதில் போட வேண்டும், போடாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், அடுத்தது கிடைக்க நாலைந்து மாதமாகும் என்றார்கள். பேச்சு வருகிற வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டிருந்த இடத்தில், நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது அதுதானே என்று ஆலை முகவரியை எழுதினேன். எழுதியபின், ஆலை முகவரியைச் சொந்த விசயத்துக்குப் பாவிப்பது பிழையல்லவா என்ற யோசனை வந்தது. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை, பிள்ளையைப் பகலில் பார்க்கும் இடம் பூட்டியிருந்ததால் மகளைக் கந்தோருக்குக் கூட்டிவந்தேன். அவள் தரையில் இருந்து வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இஞ்சை வாடி, ராசாத்தி."

அவள் திரும்பவில்லை.

"ராசாத்தீ!"

திரும்பினாள். அக்கா கையைத் தட்டினார். "பாத்தியே! முதல் தரம் ஆரையும் நம்பமாட்டாள். உவள் என்ரை ஆள்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தட்டு விழுத்திப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் மெயில் வரும் என்றார்கள். இரண்டு வாரம் போய் மூன்றாவது வாரமும் தொடங்கியது. நான் ஒரு நாளில் எத்தனை தரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன் என்று லொக்குக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை துணிந்து அக்காவின் அறைக்குப் போனேன். சேர்வரில் ஒரு வன்தட்டுப் பழுதாகி, அவர் தலையை உள்ளே விட்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு மெயில் வர இருந்தது…"

ஒரு தும்மல். "பிறகு பாப்பம் பிள்ளை."

நான் என் கதிரைக்குத் திரும்பினேன். அவருடைய முறை எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்துப் போனால் போதும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடமானது. எழுந்தேன். அவர் வேலையாக இருக்கிறார், இது ஆலை விசயமும் இல்லை, இரண்டாந் தரம் போய் நிற்பது ஆக்கினை. இருந்தேன். பிறகு ஒருதரம் எழுந்து, அலுமாரித் திறப்பைத் தேடுவதுபோல் தேடிவிட்டு இருந்தேன்.

அவ்வளவுதான். நான் திரும்பிப் போகவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தேநீர் நேரத்தில் அக்கா ஒரு கூத்து நடத்துவார். 'ஒருக்காத் தட்டினவை' என்று ஒரு பட்டியல். அந்த மாதம் முழுக்க வாசலில் ஒருதரம் தட்டி, பிறகு வா என்றதும் போய், திரும்பி வராதவர்கள். கடிதம் உள்ளே வராததால் அதில் என்ன இருந்தது என்று தெரியாது. அனுப்பியவர் முகவரி, யாருக்கு, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். மிச்சத்தை அக்கா தானே கட்டிவிடுவார். பொதி செய்யும் பெண்கள் இதற்காகவே கையைக் கழுவிக்கொண்டு வந்து இருப்பார்கள்.

"இந்தா, மெலியிற மருந்துக்காரர். ஆரைத் தேடி வந்தவர்? முதலாளியை. பாவம், ஆரோ படம் அனுப்பியிருக்கினம்."

சிரிப்பு.

"இது ஒரு இளவரசர். சொத்தெல்லாத்தையும் எங்கடை கணக்குப் பகுதிக்குத் தரப்போறாராம். ஐஞ்சு நிமிசம் நிக்க நேரமில்லை, அவ்வளவு அவசரம்."

முதலாளியும் சிரித்தார். அக்கா அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"அட, இது ஆர்? காதுக்காரர்! கொழும்பிலை இருந்து காது சோதிக்கிற ஆக்கள். ஆரைத் தேடி எண்டு சொல்லுங்கோ பாப்பம். எங்கடை மன்னிப்புக்காரியை! பிறகு வா எண்டிருக்கிறம், ஆள் திரும்பி வரேல்லை. காது சோதிக்கிற ஆளுக்கே காது கேக்கேல்லைப்போல!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கையிலிருந்த கோப்பை மேசையில் சாய்ந்து, தேநீர் அக்காவின் பட்டியல் வரைக்கும் ஓடியது. முதலில் பட்டியலைத் தூக்கியவர், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை?"

சொன்னேன். மகள், கரண்டிகள், டொக்டர், விண்ணப்பம், ஆலை முகவரியை எழுதிய குற்றம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ முதலாளி" என்று முடித்தேன். அக்கா பட்டியலில் அந்த வரியைத் திரும்பப் பார்த்தார்.

"இது வந்து பதினாறு நாள்" என்றார் அக்கா. "நீ ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டனான் அக்கா."

"எப்ப?"

"தட்டுப் பழுதான அண்டைக்கு. பிறகு பாப்பம் எண்டீங்கள்."

"பிறகு ஏன் நீ திரும்பி வரேல்லை?"

"ஒருக்காக் கேட்டனான் தானே அக்கா."

அவர் பட்டியலின் நனைந்த ஓரத்தைத் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மன்னிப்பெண்டால் மூண்டுதரம் கேப்பாய். உதவியெண்டால் ஒருக்கா. உன்ரை செற்றிங் பிழையடி." பட்டியலை மடித்தார். "என்ரையும் அவ்வளவு சரியில்லைப்போல."

என் தொலைபேசியை வாங்கி, மிஷன் பள்ளியில் படித்த தன் ஆங்கிலத்தை நிமிர்த்திக்கொண்டு கொழும்புக்கு எடுத்தார். இரண்டு வசனம் பேசினார். பிறகு தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, தன் கன்னத்தில் அறைந்த பொருளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"என்னவாம் அக்கா?"

"பிறகு எடுக்கட்டாம்."

பொதி செய்யும் பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அக்கா அவளை முறைத்தார்.

"சிரியாதை. மணிக்கூட்டைப் பார். ஐஞ்சு நிமிசம்."

எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்தோம். ஐந்து நிமிடமானதும் எடுத்தார். அந்தப் பொறுப்பாளர் தேநீருக்குப் போய்விட்டார் என்றார்கள். இன்னொரு ஐந்து நிமிடம். லைன் வேலையாக இருந்தது. முதலாளி பிள்ளையாரே என்றார். எனக்கு, போதும் அக்கா, அவர்களுக்கு ஆக்கினையாக இருக்கும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. நாலாந் தரம் ஆள் கிடைத்தது.

திகதி வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. உறுதிசெய்யாததால் அன்று மாலை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க இருந்தார்கள். கொடுக்கவில்லை. அக்கா என் பெயரையும் மகளின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி உறுதிசெய்தார். வைப்பதற்கு முன், உங்கள் இயந்திரத்துக்கு ரோசம் அதிகம், ஒருதரம் பிறகு வா என்றால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறது, ஆளை விட்டுப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் அவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "இண்டைக்கே வீட்டை போ. உடுப்பை அடுக்கு" என்றார். "லீவு கேக்க வேண்டாம். கேட்டால் முதலாளி பிறகு பாப்பம் எண்டுவார்."

முதலாளி, "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்றார் பாவமாக.

திங்கட்கிழமை காலை ரயிலில் நானும் கணவரும் மகளும் போனோம். அவருக்கு வவுனியாவில் ஏறுவது சுலபம். ஆனாலும் நான் தனியே பயப்படுவேன் என்று, வார இறுதிக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் புத்தூரிலேயே நின்றுவிட்டார். காதுச் சவ்வுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீர் கட்டியிருந்தது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்பதுபோல்தான் அவளுக்கு இருந்திருக்கும் என்றார் அங்கிருந்த டொக்டர். மருந்தும், பிறகு ஒரு சின்னச் சிகிச்சையும். சரிவரும் என்றார். சரிவருமா என்று நான் திரும்பவும் கேட்டேன். இரண்டாந் தரம்! கணவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஆலைக்குத் திரும்பிய அன்று என் பெட்டியில் ஒரு மெயில் கிடந்தது. சேர்வரே அனுப்பியதுபோல் கறாரான எழுத்து நடை. "தங்கள் பெயர் எமது வெள்ளைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. இனிமேல் தாங்கள் எதையும் ஒருதரம் கேட்டாற் போதுமானது. மற்றவர்களுக்கு இவ்விதி பொருந்தாது."

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். நாலாந் தரம் வாசிக்கும்போது இன்னொன்று வந்து விழுந்தது.

"மேற்படி கடிதத்துக்கு முன்னர் நேர்ந்த பிழைக்கு மன்னிக்கவும்."

பக்கத்து அறையிலிருந்து ஞானப்பாட்டு முனகல் கேட்டது. மூன்றாவது அடியும் தும்மல் இல்லாமல் கடந்தது. இயந்திரம் மூடித்தான் இருந்தது.

மாதக் கடைசிப் பட்டியல் அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் அக்கா அதை நாளுக்கு இரண்டு தரம் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை பகிடிக்குக் கொண்டுவந்தார். பிறகு வா என்பதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும்.

இப்போது சேர்வர் இருந்த அறையில் மிளகாய் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கடிதமெல்லாம் எங்கோ வெளிநாட்டு நிறுவனத்தின் இயந்திரத்தில் கிடக்கிறது. முதலாளி அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. மெயில் வராவிட்டால் எங்கே நின்றது என்று கேட்க ஆளில்லை. அக்கா கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டார். ஜெனரேற்றர்காரர் மூன்றாந் தரமும் வந்து கேட்டாராம்.

அந்தக் கல்யாணத்துக்குச் சொல்ல அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பின்னேரத்தை நான் அடிக்கடி நினைப்பேன். மகளின் சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அழைப்பிதழோடு மகளுக்கென்று ஒரு பிளாஸ்ரிக் விசிலும் கொண்டுவந்திருந்தார், அதுவும் காவற்காரர்கள் ஊதுகிற அளவில். "காது சரியோ எண்டு நீ இனிக் கரண்டி விழுத்தத் தேவையில்லை. உவளே உனக்குச் சோதினை வைப்பாள்."

அவர் வருவது படலையில் தெரிந்தபோதே நான் அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டேன். அவர் கதிரையில் இருந்ததும் கேட்டேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ அக்கா?"

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"சரி அக்கா."

நானும் கதிரையில் இருந்தேன்.

அவர் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். ஓர்கன் வாசிக்க வேறு ஆள் பிடித்ததைச் சொன்னார். பேச்சு நடுவில் என் முகத்தைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார், வெயில் அதிகம் என்றார். நான் ஓம் என்றேன். மகள் நடுவாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, விசிலுக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

"எடி, ஒருக்காத்தான் கேப்பியோ?"

"நான் எப்பவும் ஒருக்காத்தானே அக்கா கேக்கிறனான்."

"சரி. தேத்தண்ணி ஒண்டு தா."

என் வாழ்க்கையில் அதுவரை ஒருவருக்கும் சொல்லாததை அப்போது சொன்னேன்.

"பிறகு பாப்பம் அக்கா."

அவர் மிளகாய்த்தூள் இல்லாத வீட்டிலும் தும்மல் வருமளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகள்தான் விசிலைக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"தண்ணி கொதிக்குது!"

கேத்தில் மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பிறகுதான் திரும்பினோம்.